நரம்பியல் படிக்கப் போகும் மகளுக்கு

மகளே,

பட்டப்படிப்பு முடிந்து, நரம்பியலில் ஆராய்ச்சி செய்யப் பேராதனையில் பதிந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கொழுந்து மலையிலிருந்து ஒருத்தி மூளையைப் படிக்கப் புறப்படுவது எனக்குச் சின்னச் செய்தி இல்லை. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த சனம் நாம். உன் பாட்டன் காலத்தில் தோட்டப் பள்ளி என்றால் ஒரு மடுவம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. எழுபதுகளில் அரசாங்கம் அந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகுதான் அதற்கு மேலே ஒரு வழி தெரிந்தது. முட்டி மோதி அதில் ஏறிய எங்கள் தலைமுறை நிறையப் பட்டுத்தான் படித்தது. பட்டதில் பாதியாவது உனக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். வரிசை பார்க்காதே, மனதில் பட்டபடி சொல்கிறேன்.

1. லயத்து முகவரியை மறைக்காதே. எனக்குத் தெரிந்த ஒருவன், நல்ல கெட்டிக்காரன், எல்லா விண்ணப்பத்திலும் கண்டியில் இருந்த உறவினர் கடையின் முகவரியையே எழுதுவான். தோட்டத்துக்குக் கடிதம் நேரத்துக்கு வந்து சேராது என்பான், அது உண்மையும்கூட. ஆனால் உள்ளே கிடந்த காரணம் வேறு. நண்பர்கள் பேச்சுவாக்கில் தோட்டத்தைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவான். ஒளிப்பதற்கே அவன் வலுவில் பாதி போயிற்று. ஆராய்ச்சிக்கு மனம் முழுதாக வேண்டும், மகளே. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர் எல்லாவற்றையும் சொல். அந்த ஊர் உனக்கு என்ன தந்திருக்கிறது என்பதை அடுத்ததில் பார்.

2. உன் வீட்டு அடுப்படியை அறிவுக்கு வெளியே வைக்காதே. 1977, 1978 ஆண்டுகளில் நம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கொடுமை நடந்தது. வெவ்வேறு தோட்டங்களில், ஒருவரை ஒருவர் அறியாத சுமார் இருபது பேருக்குக் கால்கள் வலுவிழந்தன. பாதம் தொங்கிற்று, நடை தடுமாறிற்று, கைவிரல்களில் பிடிமானம் போயிற்று. எல்லாரும் வளரிளம் பெண் பிள்ளைகள். தொற்று நோயா, பூச்சி மருந்தா, ஏதும் சாபமா என்று பெற்றவர்கள் எப்படிக் கலங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுத்து இடுப்புக்கு வலு ஏற்றுவது நம் வழக்கம். உனக்கும் உன் அம்மா உளுத்தங்களியோடு தந்திருப்பாள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாசத்தோடு கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரை கிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிக் கொண்டுவந்தபோது அது சேர்ந்திருக்க வேண்டும் என்று விசாரணையில் தெரிந்தது. நிமல் சேனநாயக்கவும் ஜெயரத்னமும் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துச் சேனநாயக்க இன்னொரு கட்டுரையும் எழுதினார்.

நஞ்சு புதிதில்லை. 1930இல் அமெரிக்காவில் இதே வகை நஞ்சு கலந்த இஞ்சிச் சத்தைக் குடித்து ஆயிரக்கணக்கானோர் கால் விழுந்து கிடந்தார்கள். அது வேலை செய்யும் விதத்தைக் கேள். முள்ளந்தண்டுக்குள் இருக்கும் ஒரு நரம்புக்கலத்தின் நார், பாதம் வரைக்கும் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்குப் போகிறது. நஞ்சு நரம்பிலுள்ள ஒரு நொதியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு நீளமான நார்கள் நுனியிலிருந்து பட்டுப்போகத் தொடங்கும். ஆகவேதான் முதலில் பாதம், அப்புறம் கை. கால் விழுந்த அன்றைக்கு வந்து "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறவருக்கு விடை அகப்படாது. "போன மாதம் வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்க வேண்டும். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக நாக்கில் வரும். மின்பதிவும் இரசாயனப் பகுப்பும் நீ கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கற்பிக்க ஆள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை உனக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. அதை அற்பம் என்று தூக்கிப் போட்டுவிடாதே. அந்தப் பெண் பிள்ளைகளுக்கு இன்று அறுபது வயதை ஒட்டியிருக்கும். நரம்பியல் எங்கோ தூர தேசத்துப் பாடம் என்று தோன்றுகிற நாளில் அவர்களை நினைத்துக்கொள்.

3. ஆபத்து தாண்டியது என்று எல்லாரும் எழுந்து போன பிறகும் இன்னும் கொஞ்சம் இரு. சிலவகைப் பூச்சி மருந்து உடலில் ஏறினால் முதலில் வருவது எச்சில், வியர்வை, சுருங்கிய கண்மணி. அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை அந்த மருந்து முடக்கிவிடுவதால் வருவது. அதற்கு மருந்து உண்டு. வாரக்கணக்கில் பிந்தி வரும் நரம்புத் தளர்ச்சி ஒன்றும் நூல்களில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்று இருப்பதை நம் மலைநாட்டு வைத்தியசாலைக் கட்டிலருகே நின்றவர்கள்தான் கண்டு எழுதினார்கள். முதல் கண்டம் தப்பிய ஆள், 24 முதல் 96 மணி நேரத்துக்குள், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகிறார். தோளும் தொடையும் தளர்கின்றன. மூச்சுத் தசையும் தளர்ந்தால் உயிர் போகும். 1987இல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் இப்படிப் பத்துப் பேரைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். பத்தில் நால்வருக்கு உடனே சுவாச இயந்திரம் வேண்டியிருந்தது, மூவர் இறந்தார்கள். இன்று உலகத்தின் எந்த மூலையில் நஞ்சியல் படித்தாலும் அந்த இடைநிலை நோயைப் படித்தாக வேண்டும். அதைக் காண விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. நேற்றுத் தேறிய நோயாளியை இன்றும் போய்ப் பார்க்கும் பழக்கம் தேவைப்பட்டது. உன் பரிசோதனை சரிவந்த மறுநாளும் ஆய்வுகூடத்துக்குப் போ.

4. குறிப்பேட்டை உண்மையாக எழுது. ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஓர் இரவு கனவில் ஒரு பரிசோதனையைக் கண்டு, தூக்கக் கலக்கத்தில் துண்டுக் கடதாசியில் கிறுக்கி வைத்தார். விடிந்து பார்த்தால் அவராலேயே அதை வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இம்முறை எழுதி வைக்கவில்லை. மூன்று மணிக்கே எழுந்து ஆய்வுகூடத்துக்குப் போனார். ஒரு தவளையின் இதயத்தை நரம்பைத் தூண்டி மெதுவாக்கினார், அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவாயிற்று. நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. 1921இல் வெளியிட்டார், 1936இல் நோபல் பரிசு வந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கனவைப் புகழ்வார்கள். எனக்கு அந்த வாசிக்க முடியாத துண்டுக் கடதாசிதான் பெரிதாகத் தெரிகிறது. கனவு இரண்டாம் முறை எல்லாருக்கும் வருவதில்லை.

ஆகவே மையால் எழுது, திகதி போடு, பக்கத்தைக் கிழிக்காதே, பிழைத்துப்போனதையும் எழுது. மாலை நிறுவையில் கணக்கப்பிள்ளை உன் அம்மாவின் கொழுந்தில் இரண்டு கிலோவைக் குறைத்து எழுதினால் அவள் வயிறு எப்படி எரியும் என்று உனக்குத் தெரியும். எண்ணைத் திருத்தி எழுதுவது உன் கையால் நடந்தாலும் அதே களவுதான். ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்று அழிக்கத் தோன்றும். அழிக்காதே. அது ஏன் அங்கே நிற்கிறது என்று எழுது.

5. நல்ல முடிவு வந்தால் முதலில் நீயே சந்தேகப்படு. மனித மூளையில் பத்தாயிரம் கோடி நரம்புக்கலங்கள் என்று பல காலம் புத்தகங்கள் சொல்லிக்கொண்டே வந்தன. எங்களுக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள், நாங்களும் மறுகேள்வி இல்லாமல் எழுதினோம். யார் எண்ணினார்கள்? பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹூசெல் அந்தக் கேள்வியைக் கேட்டார். மூளைத் திசுவைக் கரைத்து, மிதக்கும் கருக்களை எண்ணும் முறை ஒன்றைக் கண்டுபிடித்து, 2009இல் அவருடைய குழு சொன்ன கணக்கு சுமார் 8,600 கோடி. அதே ஆண்டு அமெரிக்காவில் சிலர் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் இயந்திரத்தில் கிடத்தி, அதற்கு மனிதர் படங்களைக் காட்டினார்கள். புள்ளிவிவரவியல் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது அந்த மீனின் மூளையில்கூட ஓர் இடம் "வேலை செய்வதாக" வந்தது. ஆயிரக்கணக்கான இடங்களைத் தனித்தனியே சோதித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாக ஒளிரத்தான் செய்யும். புள்ளிவிவரவியலை யாரோ செய்து தருவார்கள் என்று விட்டுவிடாதே. நீயே படி. பெரியவர்கள் சொன்ன எண்ணையும் மரியாதையோடு எண்ணிப் பார்; கேட்பதால் மரியாதை குறையாது.

6. இல்லாததைச் சொல்லி அழாதே; இல்லாததை மறைத்துப் பெருமையும் பேசாதே. 2022இல் இந்த நாட்டில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்கள் இருந்தன. மாதிரிகளைக் குளிரில் காக்க வேண்டிய பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்படிப்பட்ட நாட்களில் ரீட்டா லெவி மொண்டால்சினியை நினை. முசோலினியின் இனச்சட்டம் யூதப் பெண்ணான அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தியது. படுக்கையறையில் ஆய்வுகூடம் அமைத்து, தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழிக்கருவின் நரம்பு வளர்ச்சியைப் படித்தார். 1986இல் நோபல் பரிசு பெற்றார். நம் விலயனூர் ராமச்சந்திரனையும் சொல்வார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைத் தணிக்கச் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைப் பயன்படுத்தினார். அந்த வைத்தியம் எல்லாருக்கும் பலிக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள். கண்ணாடி மலிவு, அதை அங்கே வைக்கத் தோன்றிய யோசனைக்குப் பின்னால் பல ஆண்டுப் பார்வை ஆய்வு இருந்தது. ஏழ்மை ஒருவரையும் விஞ்ஞானியாக்குவதில்லை, மகளே. உனக்குத் தேவையான இரசாயனத்துக்கும் கருவிக்கும் வாய்விட்டுக் கேள், மனுப் போடு, மறுபடி போடு. நமக்குக் கேட்கத்தான் கூச்சம் அதிகம்.

7. தலைப்பைப் பார்க்கும் முன் மேற்பார்வையாளரைப் பார். அவரிடம் முன்பு படித்தவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்கிறதா என்று கவனி. ஒரு பெண் மூன்று ஆண்டு பாடுபட்ட வேலை கட்டுரையாக வந்தபோது அவள் பெயரே அதில் இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவள் வாய் திறக்கவில்லை, நாங்களும் திறக்கவில்லை. நீ திற. யார் பெயர் எங்கே வரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிக்கொள். சிங்களம் சரளமாகக் கற்றுக்கொள். ஆய்வுகூடத்தின் பாதி அறிவு தேநீர் நேரப் பேச்சில்தான் கைமாறுகிறது. கருவிகளைத் துடைக்கும் உதவியாளரை "அண்ணே" என்று கூப்பிட வெட்கப்படாதே. எந்த இயந்திரம் எப்போது மக்கர் பண்ணும் என்று அவருக்குத்தான் தெரியும்.

8. வேலை, கல்யாணம் என்று வீட்டில் கேட்பார்கள். கோபப்படாதே. நரம்பியல் ஆராய்ச்சிக்கென்று இந்த நாட்டில் வேலைகள் குறைவு என்பதை மறைக்காமல் சொல். விரிவுரையாளர் பதவி, வைத்தியசாலை ஆய்வுகூடம், பாடசாலை ஆசிரியத் தொழில், வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்பு என்று உள்ள வழிகளைச் சொல். வெளிநாடு போக நேர்ந்தால் குற்ற உணர்வோடு போகாதே. உன் அம்மா மலையில் தனியாக நிற்பாள் என்பது உண்மைதான். ஆனால் உன்னைக் கட்டிப்போடவா அவள் இத்தனை வருசம் கூடை சுமந்தாள்?

9. உன் கையால் கண்டதை உன் பெருமை மறைக்க விடாதே. 1873இல் நரம்புக்கலத்தைக் கறுப்பாக்கிக் காட்டும் சாய முறையைக் கண்டுபிடித்தவர் இத்தாலியரான கொல்கி. பதினான்கு ஆண்டு கழித்து அந்தச் சாயத்தில் நனைந்த ஒரு தகட்டைப் பார்த்து மலைத்துப்போனவர் ஸ்பெயின் நாட்டுக் கஹால். அந்த முறையை மெருகேற்றி, ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்தனி என்று கஹால் காட்டினார். எல்லாம் ஒரே தொடர்வலை என்று கொல்கி பிடிவாதமாக நின்றார். 1906இல் இருவருக்கும் ஒரே நோபல் பரிசு. அந்த மேடையில்கூடக் கொல்கி தன் பழைய கருத்தை விடவில்லை. சாயம் அவருடையது, உண்மையைச் சொன்னதும் அந்தச் சாயம்தான். அவர் மட்டும் கேட்கவில்லை.

10. எலியைக் கையில் எடுக்கும் முன் உன் மனதை ஆறவிடு. கோபத்தோடும் அவசரத்தோடும் விலங்கைத் தொடாதே. அதற்கு நோகும், உன் முடிவுகளும் கெடும். நெறிமுறைக் குழுவின் அனுமதிப் படிவத்தைச் சம்பிரதாயம் என்று நிரப்பாதே. பத்து எலி போதும் என்றால் பதினொன்றாவதைத் தொடாதே. கை நடுங்குகிறது என்று முதல் நாள் உன்னை யாராவது கேலி செய்தால் செய்யட்டும். நடுங்காமல் தொடங்கியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

11. கடைசியாக, எனக்கு அதிகம் மனதில் கிடப்பது. நீ ஒருநாள் நம் தோட்டங்களுக்கே ஆய்வாளராகத் திரும்பி வருவாய். நம் பிள்ளைகளின் போசாக்கு, மூளை வளர்ச்சி, அம்மாமாரின் இரத்தச்சோகை, மருந்து தெளிப்பவர்களின் நரம்புகள் என்று படிக்க எவ்வளவோ கிடக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். மூளை மிக வேகமாக வளரும் வயது அது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி குறைவு" என்று தலைப்புப் போட ஆட்கள் வருவார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்துவிடாதே. பிள்ளையின் தட்டில் என்ன இருந்தது, அம்மா பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்வரை மலை ஏறினாள், பரீட்சை வினா எந்த மொழியில் இருந்தது என்று அளந்த பிறகுதான் பிள்ளையின் தலையை அளக்க வேண்டும்.

ஒரு பால்மா பக்கற்றைக் கொடுத்து, கையெழுத்தை வாங்கி, இரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பிறகு அந்த லயத்துப் பக்கம் அவர்கள் தலையே காட்டவில்லை. என்ன கண்டார்கள் என்று இன்றுவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. நீ அப்படிச் செய்யாதே. துரையிடம் அனுமதி வாங்கியது போதும் என்று நினைக்காதே. துரை சம்மதித்தால் மறுக்க நம் சனத்துக்குப் பயம். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் விடு. சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போ. முடிவு வந்ததும், ஆங்கிலக் கட்டுரை அச்சேறும் வரை காத்திராமல், நேரே வந்து தமிழில் சொல். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு நேரத்தில் வராதே, அன்றைய கூலிக்கான பேர் போய்விடும் என்ற பயத்தில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம், வேலை நாளில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டு. அம்மாமாருக்கு அது பழகிய இடம். நீ பேசுவதைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தை அவர்கள் கேட்க விடு. அவர்கள் கேட்பதை எல்லாம் அன்றைய திகதி போட்டு உன் குறிப்பேட்டில் எழுதிக்கொள். உன் அடுத்த ஆய்வுக்கான கேள்வி அதற்குள் இருக்கும்.